கோட்டு போட்டவன் என் மகன் இல்லை

செப்டம்பர் 3, புதன்

இன்றிலிருந்து எழுதப்போகிறேன். எவன் என்ன சொன்னான் என்று தேதி போட்டு எழுதி வைத்தால்தான், பிறகு "நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்?" என்று பேச்சை மாற்ற மாட்டான். வருஷப் பிறப்புக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். வரட்டும். நான் என்ன பரீட்சையா எழுதுகிறேன்?

முதல் பக்கத்தில் பெயர் எழுதக் கோடு போட்டிருக்கிறது. பவுன்தாய். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை. ஒரே மகன் ஞானகுரு. மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தான். போன வருஷம் வேலைக்குப் போன வழியில் லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போனான். இந்த மாதம் 26ஆம் தேதி அவனுக்கு வருஷத் திதி.

சுவரில் தொங்குகிற படத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று என் அண்ணன் சங்கிலி, குருவின் ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் கொடுத்தான். அந்தக் கார்டில் என் மகன் போலீஸ் பிடித்துவந்து நிறுத்தினவன் மாதிரி இருப்பான். ஸ்டூடியோக்காரன் அந்தத் தலையை மட்டும் வெட்டி, எவனோ ஒருத்தன் உடம்பில் ஒட்டிவிட்டான். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அன்றைக்கு எனக்குச் சுயநினைவு இல்லை. இருந்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். என் மகன் ஆயுசில் கோட்டு போட்டானா?

வருஷத் திதிக்காவது நல்ல படம் வைக்க வேண்டும். போன் லாரிச் சக்கரத்தில் நொறுங்கிப் போனது. ஆனால் "போன்ல எடம் இல்லம்மா, படத்த எல்லாம் இதுல ஏத்திட்டேன்" என்று அந்தக் குட்டி லேப்டாப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. முப்பதாம் நாள் படையலுக்குப் பிறகு பீரோவுக்குள் வைத்தவள், இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். படையலில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

சார்ஜில் போட்டேன். பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்தது. பொசுக்கென்று அணைந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறியும் அதே கதைதான். எழுந்திருக்கிறது, உடனே படுத்துக்கொள்கிறது. வேலைக்குப் போகச் சோம்பல்பட்ட நாளில் அவனும் இப்படித்தான் செய்வான்.

செப்டம்பர் 6, சனி

அண்ணன் தனக்குத் தெரிந்த கடை என்று கூட்டிப்போனான். ஏசி போட்ட கடை. அங்கே தாடிக்காரன் ஒருத்தன் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். திருகாணிகூடக் கழற்றவில்லை.

"மதர்போர்டு போயிருச்சும்மா."

"அப்பிடின்னா?"

"இதுக்கு அம்மா மாதிரி. அது போனா எல்லாம் போச்சு."

"அம்மா எங்கயும் போகலப்பா. இந்தா குத்துக்கல்லு மாதிரி உன் முன்னால நிக்கேன். போனது பிள்ளை."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்தான். "அதுக்கு இல்லம்மா, இது பழைய மாடல், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்க, சூப்பரா ஒரு ஆஃபர் இருக்கு" என்றான் தாடிக்காரன். தூக்கிப் போடுவதாம். நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அண்ணன், "எதுக்குடி எடுத்தெறிஞ்சு பேசுற? நாளப் பின்ன நான் அவன் மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

தாராளமாக முழி. நான் வேண்டாம் என்றேனா?

செப்டம்பர் 10, புதன்

அரை நாள் லீவு போட்டேன். சூப்பர்வைசர் முறைத்தான். இன்றைக்கு மாடியில் இருக்கிற இன்னொரு கடை. இவன் பரவாயில்லை, உட்காரச் சொன்னான். ஏதோ வயரைச் செருகிப் பார்த்தான். பிறகு சிரித்த முகத்தோடு சொல்கிறான்: "ஃபார்மேட் பண்ணிருவோம்மா. புதுசு மாதிரி ஆயிரும்."

"அதுல எம் மகன் படம் இருக்குப்பா."

"அது போயிரும். எல்லாத்தையும் அழிச்சாத்தான் ஓடும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ. "ஓடி என்னத்துக்குடா ஆகப்போகுது? நான் என்ன இதுல சினிமாவா பாக்கப்போறேன்? அவனையே அழிச்சிட்டு வெறும் டப்பாவ எங்கிட்டக் கொடுப்பியா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் பயந்துபோய் லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். அப்போதுதான் அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருப்பதைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை பெயர். கம்ப்யூட்டர் சர்வீஸும் உண்டு என்று போட்டிருந்தது. குரு அங்கே போயிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த கடை இருக்கும்போது நான் ஏன் அண்ணனுக்குத் தெரிந்த கடையில் போய் நின்றேன்?

செப்டம்பர் 11, வியாழன்

மழை. துணி காயவில்லை. லேப்டாப் இன்றைக்கும் எழுந்து படுத்துக்கொண்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணன் வந்தான். திதிக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பேசினோம். பேச்சு முடியும்போது சுவரைக் காட்டி, "இந்தப் படத்தையே தொடச்சு மாட்டிருவோம். மால போட்டா பாதி மறைஞ்சிரும்" என்றான்.

"மூஞ்சிய என்ன செய்ய? அதயும் மறச்சிருவியா?"

"செத்தவனுக்கு என்னடி அழகு வேண்டிக் கெடக்கு? கோட்டுல கலெக்டர் மாதிரி இருக்கான். நானே இது மாதிரி ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

"எடுத்து வச்சுக்கோ. உனக்கு அந்தச் சிவப்பு டை நல்லாருக்கும்."

கோபித்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் போனான். போகட்டும். அந்தக் காபியை நானே குடித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். சின்னக் கடை. முதலாளி முன்னால் ஜெராக்ஸ் எடுக்கிறார், உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. பெயர் ரூபி என்று முதலாளி கூப்பிட்டார்.

பையில் இருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் உடனே தொடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மூடியைத் தடவினாள், மூலையில் ஒரு கீறல் உண்டு, அதையும் தடவினாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போனாள். ஜெராக்ஸ் கடையில் தூசிக்கா பஞ்சம்? முகம் கழுவிவிட்டு வந்து, "சொல்லுங்கம்மா" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, டை, தாடிக்காரன், ஃபார்மேட். இவள் ஒருத்திதான் நடுவில் வாயைத் திறக்காமல் கேட்டாள். "ஃபார்மேட் எல்லாம் பண்ண வேண்டாம்மா. படம் எங்கயும் போகாது" என்றாள். அந்த வார்த்தைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

அடி மூடியைக் கழற்றி என்னென்னவோ செய்தாள். சரியாகவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னாள். விட்டுவிட்டு வர மனசில்லை என்றேன். "அப்ப கொண்டு போயிட்டு வியாழக்கிழமை கொண்டாங்கம்மா. நான் தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டு வைக்கேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவள் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இதை எழுத உட்கார்ந்து வெகு நேரம் ஆகிறது.

இன்றைக்கும் ரூபி எதை எதையோ மாற்றிப் பார்த்தாள். அது எழுந்தது, படுத்தது. கடைசியில் ஒரு ஈரத் துணியை எடுத்து, "முதல்ல இதச் சுத்தம் பண்ணிக்கிறேம்மா" என்று சந்தனத்தைத் துடைக்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது படையலில் வைத்த பொட்டு. சட்டை, பேண்ட், வாட்ச் எல்லாவற்றோடும் இலைக்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து, நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு, பொட்டு வைக்கிறதற்கென்றே செய்தது மாதிரி வட்டமாக இருந்த பட்டனில் ஒரு பொட்டு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அதை ஊரார் துடைக்கக் கூடாது.

"தொடச்சா நான்தான் தொடைக்கணும்" என்றேன்.

மடிப்பில் கழிந்த பேண்டேஜ் துணி ஒரு துண்டு எப்போதும் என் பையில் கிடக்கும். அதை நனைத்து நானே துடைத்தேன். மேலே இருந்தது லேசில் வந்துவிட்டது. பட்டனில் இருந்தது வரவில்லை, காரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஊறவிட்டு ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். 'டக்'கென்று பட்டன் மேலே வந்தது.

ரூபி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மா, இந்தப் பட்டன் இத்தன நாளும் அமுங்கியே இருந்திருக்கு. யாரோ கைய எடுக்காம அமுக்கிக்கிட்டே இருக்கிற மாதிரி. அதான் எந்திரிச்ச உடனே அணைஞ்சிருக்கு."

"அப்ப நான் சந்தனம் வச்சதுதான் தப்பா?"

"தப்புன்னு சொல்லலம்மா."

"சாமிக்கு வைக்கிறத வச்சேன். இதச் செஞ்சவன் அந்தப் பட்டன ஒழுங்காச் செஞ்சிருக்கணும். ஒரு பொட்டத் தாங்காத பட்டன் என்ன பட்டன்?"

"அதுவும் சரிதாம்மா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பட்டனை அமுக்கினாள். எழுந்தது. படுக்கவில்லை. பாஸ்வேர்டு கேட்கிறது என்றாள். எனக்குத் தெரியாதே என்று நான் சொல்வதற்குள் அவள் விரல் அடித்துவிட்டது, திறந்துவிட்டது. "இனிமே இது கேக்காதும்மா" என்று ஏதோ தட்டி அந்தப் பாஸ்வேர்டை எடுத்தும் விட்டாள்.

படங்கள் வந்தன. என் குரு. பஸ்ஸில் குரு, டீக் கடையில் குரு, அய்யனார் கோயில் ஆற்றுப் பாறையில் குரு. பக்கத்தில் இவள். எல்லாவற்றிலும் இவள்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசம்மா."

"அவனத் தூக்குன அன்னைக்கு வந்தியா?"

"வந்தேன். தெருமுனையில நின்னேன். உள்ள வந்தா என்னன்னு சொல்லி அழுறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

அவள் ஈரத் துணியால் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்க தெருவுல ஒரு பையன் வேற சாதிப் பொண்ணக் கட்டிட்டு வந்தான்ல. அப்ப நீங்க சொன்னீங்களாம். எம் பிள்ள இப்பிடிச் செஞ்சா நான் அரளி வெதையத் தின்னுட்டுச் செத்துருவேன்னு. அதான் உங்ககிட்டச் சொல்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தான்."

நான் அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். குழாயடியில் நாலு பேர் நின்றால் நாலும்தான் பேசுவோம். அதைப் போய் மனசில் வைத்துக்கொள்வானா ஒருத்தன்? நான் என்ன நிஜமாகவா தின்றிருப்பேன்?

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்பெனிக்குப் போனேன். மடித்தேன். வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு நாளாக எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன். அவன் தனியாக நிற்கிற படம் மூன்றுதான். ஒன்றில் தலை இல்லை, ஒன்று இருட்டு, ஒன்றில் முறைத்துக்கொண்டு நிற்கிறான். நல்ல படம் ஒன்றே ஒன்று. ஆற்றுப் பாறையில் அவனே கையை நீட்டிப் பிடித்தது. சட்டை நனைந்திருக்கிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு, தெற்றுப்பல் தெரிய, அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. வீட்டில் அவன் இப்படிச் சிரித்ததே இல்லையோ என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் கோபம் வந்தது. ஏன், வீட்டில் சிரித்தால் என்ன குறைந்துபோகும்?

அந்தப் படத்தில் அவன் தோளில் ரூபி கை போட்டிருக்கிறாள். தலையை அவன் தலையோடு ஒட்டி வைத்திருக்கிறாள்.

அண்ணனுக்குக் காட்டினேன். உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

"யார்றி இவ?"

"அவன் சேக்காளி."

"சேக்காளியா? கழுத்துல சிலுவ தொங்குது. இதத் தூக்கிட்டு வராத பவுனு. வெட்டு. அவள வெட்டிட்டுப் பையன மட்டும் போடச் சொல்லு."

முதன்முதலாக அண்ணன் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. சொல்லாமல் மறைத்தவர்களுக்கு அதுதான் வேண்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

பிரேம் கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். "பொம்பளப் பிள்ளைய எடுத்துறலாம்மா. ஆனா தல ஒட்டியிருக்கு, இந்தப் பக்கம் காதும் கன்னமும் கொஞ்சம் போயிரும். அத வேற படத்துல இருந்து எடுத்து ஒட்டிக்கலாம். தோள்ல இருக்கிற கைய அழிச்சிட்டு அந்த எடத்துல ஒரு சட்ட போட்டுறலாம். கோட்டே போட்டுறலாம், நீட்டா இருக்கும்."

"கோட்டுன்னு இன்னொருக்காச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரையும் சேத்தேதாம்மா போடணும்."

அது எப்படி முடியும்? செத்தவன் படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும், மாலை போட வேண்டும், முன்னால் விளக்கு வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவள் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது மாலை போட்டுப் படையல் வைப்பார்களா? அவள் மேல் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக?

செப்டம்பர் 24, புதன்

ரூபியிடம் போய்ச் சொன்னேன். அவளைத் தவிர யாரிடம் போய்ச் சொல்ல?

"வெட்டிருங்கம்மா" என்றாள் உடனே. "எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் படம் வேணும்."

"உன்ன வெட்டுனா அவன் காது போகுது."

"போனா என்னம்மா. நீங்க என்ன சொன்னாலும் அவன் அந்தக் காதுலதான் வாங்கி மறு காது வழியா விட்டுருவான்."

நான் சிரித்துவிட்டேன். இந்த ஒரு வருஷத்தில் சிரித்தது இதுதான். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தன், "கரண்ட் இல்லையாக்கா?" என்று கேட்டான். "கண்ணு தெரியலையாடா உனக்கு, லைட்டு எரியுதுல்ல?" என்று அவனைப் பிடித்து ஏசினேன்.

வரும் வழியில் பிரேம் கடையில் சொல்லிவிட்டேன். எதையும் வெட்ட வேண்டாம், எதையும் ஒட்ட வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி பெரிதாகப் போடு என்று.

செப்டம்பர் 26, வெள்ளி

திதி நடந்தது.

காலையில் அண்ணன் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். கிழக்குச் சுவரில் பழைய படம் அப்படியே இருந்தது. எதிர்ச் சுவரில், காலண்டர் தொங்கின ஆணியில், புதுப் படத்தை மாட்டியிருந்தேன். அவன் அதைப் பார்த்ததும் மாலையும் கையுமாக நின்றுவிட்டான்.

"வெட்டச் சொன்னேன்ல?"

"வெட்டல."

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கு மால போடச் சொல்றியா? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"அதுக்கு ஒண்ணும் போட வேண்டாம். மால, பொட்டு, ஊதுபத்தி எதுவும் அதுகிட்டப் போகக் கூடாது. அது சும்மா ஒரு படம். கல்யாண வீட்டுப் படம் மாட்டுற மாதிரி மாட்டியிருக்கேன்."

"அப்ப இந்த மாலைய யாருக்குப் போடுறது?"

"கோட்டு போட்டவனுக்குப் போடு. செத்தது அவன்தான்."

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்லுவான், திட்டுவான் என்று நான் இருந்தேன். எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் திரும்பிப் போய்க் கோட்டுக்காரனுக்கு மாலையைப் போட்டான். கும்பிட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் தூக்கி வளர்த்த பிள்ளை.

கோட்டுக்காரனுக்கு முன்னால் இலை போட்டேன். சோறு, காரக் குழம்பு, அவித்த முட்டை, குருவுக்குப் பிடித்த எல்லாம். விழுந்து கும்பிட்டேன். யார் பெற்ற பிள்ளையின் உடம்போ அது. அதற்கும் ஒரு வேளைச் சோறு கிடைக்கட்டும்.

லேப்டாப்பை இந்தத் தடவை படையலில் வைக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ரூபி வந்தாள். ஜெபத்துக்குப் போய்விட்டு நேராக வந்தாளாம். வாசலில் நின்றாள். "தெருமுனையிலயே நின்னு பழகிப்போச்சா? உள்ள வா" என்றேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனால் அந்தப் படத்தை அவளே கழற்றிக்கொண்டு போகலாம், இல்லை நானே கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். கோட்டுக்காரனை ஒரு பார்வை பார்த்தாள், "இது யாரும்மா?" என்றாள். பிறகு எதிர்ச் சுவருக்கு வந்து வெகு நேரம் நின்றாள்.

"போயும் போயும் இந்தப் படமாம்மா கெடச்சுது? என் மூக்கப் பாருங்க, கத்திரிக்கா மாதிரி இருக்கு."

"அப்பிடி இருந்துச்சுன்னுதான சிரிச்சிருக்கான் அவன்."

"ஆமாம்மா. அதச் சொல்லித்தான் சிரிச்சான். கையெல்லாம் ஆடிப்போச்சு, போன் ஆத்துல விழப் பாத்துச்சு."

சாப்பாடு போட்டேன். முட்டையை ஓரமாக வைத்துக் கடைசியில் சாப்பிட்டாள். அவள் போன பிறகு படத்துக்கு முன்னால் போய் நின்றேன். இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். கத்திரிக்காய் மூக்கு! இதை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேனே, படுபாவி.